ராஜமலையில் ஒரு நாள்: குடும்பங்களுக்கு இன்னொரு பாதை திறக்க வேண்டுமா?

கொங்குமலை:
டிசம்பர் விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மூணாறு போகிறோம். ஒரு முழு நாளை இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு ஒதுக்க நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால், முழு நாளைச் செலவழிக்க அங்கே வழியே இல்லை. ஐந்தாம் மைல் என்ற நுழைவிடத்தில் நம் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகளுக்குத் திறந்திருக்கும் பகுதியான ராஜமலைக்கு வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும். அங்கிருந்து சாலையோடு கொஞ்ச தூரம் நடக்கலாம், பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், தலைக்கு மேலேயே நிற்கிறது. ஆனால் அதன் புல்லில் என் மகள் கால் வைக்க முடியாது.

இந்த மலை ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் வேட்டைக்களம். 1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றி கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டது, 1975-இல் இது சரணாலயமானது, 1978-இல் தேசியப் பூங்காவானது. மக்களுக்காக மீட்ட நிலத்தில் மக்களுக்குக் கிடைத்தது ஒரு சாலைத்துண்டு மட்டும்தானா? வழிகாட்டியுடன், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, குடும்பங்கள் நடக்க ஒரு புல்வெளிப் பாதையைத் திறக்கலாம் என்பது என் கருத்து.

சோலைக்குருவி:
கடுமையாக மறுக்கிறேன். நிலத்தை மீட்டது மக்களுக்காக என்றாலும், பூங்காவாக்கியது வரையாடு என்ற மலை ஆட்டுக்காகத்தான். உலகில் இந்த விலங்கு வாழ்வது மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும், அதிலும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மட்டும். தமிழ்நாட்டில் 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்கும் 1,031 ஆடுகள்தாம். இரவிகுளம் என்ற ஒற்றைப் பூங்காவிலோ எழுநூறுக்கும் மேல் இருக்கின்றன. வேறெங்கும் இவ்வளவு பெரிய கூட்டம் கிடையாது. இங்கே ஒரு தவறு நடந்தால் ஈடுகட்ட வேறு இடமில்லை.

புல்வெளியில் கால் வைத்தால் என்ன என்று கேட்பது எளிது. அந்தச் சரிவுகளில் மண் ஆழமில்லை. நூறு பேர் நடந்த தடத்தில் மழைநீர் இறங்கத் தொடங்கினால் அது ஓடையாகிவிடும். அந்தப் புல்தான் மழையைப் பிடித்துவைத்துச் சோலைக்கும் கீழே உள்ள ஆறுகளுக்கும் கொடுக்கிறது. இந்த மலையில் பிறக்கும் பாம்பாறு, சின்னாறு வழியாக நம் அமராவதி ஆற்றுக்குத்தான் வருகிறது, கொங்குமலை ஐயா.

கொங்குமலை:
அமராவதித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்தான் நான், அதை மறக்கவில்லை. குட்டி ஈனும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடுகிறார்களே, அதை நான் எதிர்க்கவேயில்லை. மற்ற மாதங்களைப் பற்றித்தான் கேட்கிறேன். ராஜமலைச் சாலையோரத்தில் வரையாடுகள் மனிதர்களைப் பார்த்து மிரளாமல் மேய்வதை எல்லோரும் படமெடுத்துப் போடுகிறார்கள். மனிதர் வந்தால் ஆடு அழிந்துவிடும் என்றால், அந்த மந்தை எப்படி இத்தனை ஆண்டுகள் அங்கேயே நிற்கிறது?

தோட்டத்து மகள்:
மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன். 2018-இல் குறிஞ்சி பூத்த சமயத்தில் ஆகஸ்ட் வெள்ளம் வந்து சாலைகள் அறுந்தன. எங்கள் ஊரே துயரத்தில் இருந்தது, வருமானமும் போயிற்று. சுற்றுலாவை நம்பித்தான் இங்கே பல அடுப்புகள் எரிகின்றன. ஆகவே வருகிறவர்களை நான் வெறுக்கவில்லை.

ஆனால் பூத்த ஆண்டைவிடப் பூத்து முடிந்த ஆண்டுகள்தாம் ஆபத்தானவை. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, விதை விட்டு, செத்துப்போகிறது. அடுத்த பூவுக்கு வேண்டியதெல்லாம் மண்ணில் கிடக்கும் அந்த விதையும், அதிலிருந்து வரும் நாற்றும்தான். ஒன்றுமில்லாத வெறும் புல் என்று நினைத்து மிதிக்கிற இடத்தில்தான் 2030-இன் பூ இருக்கிறது.

சோலைக்குருவிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பேசுவதைக் கேட்டால் அது மனிதர் காலே படாத மலை போல இருக்கிறது. முதுவர் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்கிறார்கள். காட்டுத்தீயைத் தடுப்பதிலும் காவலிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு ஆட்டையும் புல்லையும் மட்டும் பேசுவது நியாயமில்லை.

சோலைக்குருவி:
முதுவர்களைப் பற்றிய சொல்லை ஏற்றுக்கொள்கிறேன், சகோதரி. என் எதிர்ப்பு ஆயிரக்கணக்கில் வந்து போகும் நம்மைப் பற்றியது.

ராஜமலை மந்தை மிரளாததற்குக் காரணம் உண்டு. அங்கே மனிதர் எப்போதும் ஒரே சாலையில் வருகிறார், ஒரே பக்கம் நிற்கிறார், சரிவில் இறங்குவதில்லை. எங்கே மனிதன் வருவான், எங்கே வரமாட்டான் என்று ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த எல்லையை அழித்துவிட்டு அதே அமைதியை எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு, முன்பு ஆய்வுக்காக உப்பு வைத்துப் பழக்கிய வரலாறும் அங்கே உண்டு. அந்த மந்தையை வைத்து உள்மலை மந்தைகளைக் கணிக்கக் கூடாது.

எல்லை இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் ஆழியாறு–வால்பாறை மலைச்சாலைக்குப் போங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு சாலைக்கே வருகிறது. ஆட்டுக்கும் மனிதருக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. காரை நிறுத்தி பிஸ்கட் நீட்டுகிறார்கள், குழந்தையை ஆட்டின் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்கிறார்கள். பாறையில் வாழ வேண்டிய விலங்கு பாக்கெட் கிழியும் சத்தத்துக்குத் திரும்புகிறது. பார்க்கவே மனம் வலிக்கிறது.

கொங்குமலை:
வால்பாறைச் சாலையில் வழிகாட்டி இல்லை, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. நான் கேட்பது இரண்டும் உள்ள பாதையை. இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

என் கவலை வேறு. நீலகிரியில் புல்வெளிகளைத் தரிசு என்று சொல்லி வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் பைனையும் நட்டார்கள். ஏக்கர் ஏக்கராகப் புல் போனது. அப்போது ஊர் திரண்டு எதிர்க்கவில்லை. ஏன்? அந்தப் புல்லை யாருக்கும் தெரியாது. காடு என்றால் மரம் என்றுதான் நம் பள்ளிக்கூடங்கள் இன்றும் சொல்லிக்கொடுக்கின்றன. முக்குறுத்தி தேசியப் பூங்கா நம் தமிழ்நாட்டில், அதே நீலகிரியில்தான் இருக்கிறது, நம் மாநில விலங்கான வரையாட்டுக்காகவே காக்கப்படுகிறது. கோயம்புத்தூரில் எத்தனை பிள்ளைகளுக்கு அதன் பெயர் தெரியும்? பஸ் ஜன்னல் வழியே பார்த்த மலைக்காக எந்தப் பிள்ளையும் பெரியவனாகி வழக்குப் போடமாட்டான். ஒரு மணி நேரம் அந்தக் காற்றில் நடந்த பிள்ளை போடுவான்.

தோட்டத்து மகள்:
இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நடப்பதற்கு இரவிகுளமே வேண்டுமா? உடுமலையிலிருந்து வருகிற வழியிலேயே சின்னாறு சரணாலயம் இருக்கிறது. வழிகாட்டியுடன் அங்கே நடக்கலாம். அது மழை மறைவுக் காடு, மலை மழையைத் தடுத்துவிடுவதால் முள்ளும் வறட்சியுமாக இருக்கும், சாம்பல் நிற மலை அணிலைப் பார்க்கலாம். அங்கிருந்து மறையூரில் முனியறைகளைக் காட்டுங்கள், பாறைமேல் நிற்கும் பெருங்கற்காலக் கல்லறைகள் அவை. பிறகு சந்தனக்காடு, லக்கம் அருவி, தேயிலைச் சரிவு, கடைசியில் ராஜமலை. முள்காட்டிலிருந்து 2,000 மீட்டர்ப் புல்வெளிவரை ஒரே சாலையில் காடு மாறிக்கொண்டே வருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். ஒரு நாள் போதாமல் போகும், நிறைகிறதா என்ற கேள்வியே வராது.

அம்மாவுக்குக் கம்பளி கட்டாயம். மூட்டுவலி இருந்தால் சாலையின் தொடக்கத்திலேயே நிற்கட்டும், ஆடுகள் பலமுறை அங்கேயே வரும். தின்பண்டங்களைக் கீழே வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கொங்குமலை:
சின்னாறு வழியாகவே வருகிறோம், நன்றி சகோதரி. இருந்தாலும் என் கோரிக்கை அப்படியே இருக்கிறது. குட்டி ஈனும் காலம் தவிர்த்து, சிறு குழுவுக்கு ஒரு முதுவர் வழிகாட்டி, மழைக்காலத்தில் பாதை மூடல், வருமானம் முதுவர் குடிகளுக்கு என்று இரு மாநில வனத்துறைகளுக்கும் எழுதப் போகிறேன். முக்குறுத்திக்கும் சேர்த்துத்தான்.

சோலைக்குருவி:
எழுதுங்கள். அதே முகவரிகளுக்கு என் மறுப்பும் போகும். 2030 பூக்காலக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்போம் என்று திட்டம் வரும்வரை இரவிகுளத்தில் ஓர் அடி புதுப் பாதைகூட வேண்டாம் என்பதுதான் அதன் முதல் வரி.