காலி மனையில ஜிட் ஜிட்

அத்தை: பின்னாடி காலி மனையில புல்லு இடுப்பளவு வந்துருச்சு, பாம்பு வரும்னு பயமா இருக்கு. நாளைக்கு வெட்ட ஆளு வர சொல்லிருக்கேன்

நான்: அத்தை ப்ளீஸ் முழுசா வெட்ட சொல்லாதீங்க, காலைல ஜிட் ஜிட்னு கேக்குதுல்ல அந்த குருவி அதுக்குள்ளதான் கூடு கட்டிருக்கு

பெரியப்பா: சிட்டுக்குருவிதானப்பா. வேற எடத்துல கட்டிக்கும்

நான்: சிட்டுக்குருவி இல்ல பெரியப்பா. சிஸ்டிகோலான்னு பேரு, 10 செமீதான் இருக்கும், முதுகெல்லாம் கோடு கோடா, வாலை விசிறி மாதிரி விரிச்சா நுனி வெள்ளையா தெரியும். ஆண் குருவி புல்லுக்கு மேல அலை அலையா ஏறி எறங்கி பறக்கும் ஒவ்வொரு தடவ ஏறும்போதும் ஒரு ஜிட்

சித்தி: எங்க செம்பருத்தில இருக்குற தையல்சிட்டு மாதிரியே சின்னதா இருக்கே

நான்: சித்தி சூப்பர்!! ரெண்டும் சொந்தந்தான். முன்னெல்லாம் இந்த மாதிரி பூச்சி தின்னுற சின்ன குருவி எல்லாத்தையும் சில்வியிடேன்னு ஒரே குடும்பத்துல போட்டு வச்சிருந்தாங்க, அப்புறம் டிஎன்ஏ பாத்துட்டு இதையும் தையல்சிட்டையும் கதிர்க்குருவியையும் சிஸ்டிகோலிடேன்னு தனி குடும்பமா பிரிச்சுட்டாங்க

நான்: தையல்சிட்டு இலைய தைக்குதுல்ல, இது பச்சையா நிக்குற புல்லையே சிலந்தி நூலால இழுத்து சேத்து பாட்டில் மாதிரி கூடு கட்டும். புல்ல வெட்டுனா கூடும் போச்சு குஞ்சும் போச்சு அத்தை

அக்கா: தமிழ் பேர் இல்லையா

நான்: கதிர்க்குருவில சேத்துதான் சொல்றாங்க. அறிவியல் பேர்ல ஜன்சிடிஸ்னு வருது, லத்தீன்ல கோரைய குறிக்கிற சொல்லுலேர்ந்து வந்தது, 1810ல ரஃபினெஸ்க்னு ஒரு இயற்கை ஆராய்ச்சியாளர் இத்தாலி பக்கம் இருக்குற சிசிலி தீவு குருவிய பாத்து வச்ச பேரு

பெரியப்பா: சிசிலி எங்க நம்ம ஊரு எங்க

நான்: தெற்கு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா, வடக்கு ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு பெரியப்பா. எடத்துக்கு எடம் நிறம் கொஞ்சம் மாறும், அதனால நெறைய கிளையினமா பிரிச்சிருக்காங்க. கேரளா பக்கம் இருக்கறதுக்கு 1936ல விஸ்லர்னு ஒரு பறவை ஆராய்ச்சியாளர் நம்ம ஊரு பறவை நிபுணர் சலீம் அலி பேரையே வச்சாரு, இலங்கைல இருக்கறதும் தனி கிளையினம்

அத்தை: எல்லாம் சரிடா, பாம்புக்கு என்ன பண்றது, சாயங்காலம் பசங்க அங்கதான் வெளையாடுறாங்க

நான்: அதுவும் நியாயந்தான் அத்தை. செவுத்த ஒட்டியும் நடக்குற வழியும் மட்டும் வெட்டிக்கட்டும், கெணத்து பக்கம் கோரை நிக்கிற மூலைய ஒரு மூணு நாலு வாரம் விட்ருங்க. குஞ்சு பறந்ததும் நானே நின்னு வெட்டி தரேன்

அத்தை: எந்த மூலைன்னு அந்த ஆளுக்கு எப்படி தெரியும்? காலைல 6 மணிக்கு வந்து கயிறு கட்டி காமி

நான்: 5.30க்கே வந்துர்றேன் அத்தை

சித்தி: நானும் வரேன், அந்த கூட்ட தூரத்துலேர்ந்து ஒரு தடவ பாக்கணும்