2012 பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு ஹைபிரிட் வாங்கலாமா? மாதம் 1,100 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கட்டுப்படியாகுமா?

போரூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2012ஆம் ஆண்டு வாங்கிய 1.5 லிட்டர் பெட்ரோல் செடான் கார் இருக்கிறது. இதுவரை 1,20,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. என்ஜினில் குறை எதுவும் இல்லை. ஏசியும் நன்றாகக் குளிர்கிறது. ஆனால் போரூரிலிருந்து கிண்டி வழியாகத் தரமணி வரை, மெட்ரோ பணியால் குறுகிப்போன சாலையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்து சென்றுவருவதால், லிட்டருக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் மைலேஜ் கிடைப்பதில்லை. மாதத்துக்கு 1,100 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போய்வருவோம்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டு கார்களையும் பார்த்தேன். ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினோடு, தனியாகவே வண்டியை நகர்த்தக்கூடிய மின்மோட்டாரும் உள்ள) வகைக்குச் சாலைவரி, காப்பீடு உட்பட 20.5 லட்சம் கேட்கிறார்கள். அதே காரின் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 17.5 லட்சத்துக்குக் கிடைக்கிறது. என் பழைய காருக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் உட்பட 2.4 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் 2.9 லட்சத்துக்கு எடுத்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறார். ஹைபிரிட் பேட்டரி பத்து ஆண்டுகளுக்குப் பிறகு என்ன ஆகும் என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வேளச்சேரி கணக்கர்:

வணக்கம். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பழைய காரை இப்போதே மாற்ற வேண்டுமா என்பது ஒன்று. மாற்றுவது உறுதியென்றால், ஹைபிரிட்டுக்காகக் கூடுதலாக 3 லட்சம் கொடுக்கலாமா என்பது மற்றொன்று. ஷோரூமில் இவ்விரண்டையும் பிரிக்காமல்தான் பேசுவார்கள். உங்கள் 11 கிலோமீட்டரை விளம்பரத்தில் உள்ள 27.97 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். அந்த 27.97 ஆய்வகச் சோதனையில் கிடைத்த எண். சென்னை நெரிசலில் ஏசியோடு 22 கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பானது.

பெட்ரோல் விலையை 101 ரூபாயாகக் கொள்வோம். இப்போது மாதம் 100 லிட்டருக்கு 10,100 ரூபாய் செலவழிக்கிறீர்கள். ஹைபிரிட்டில் அது 50 லிட்டராகக் குறைந்தால் 5,050 ரூபாய் மிச்சம். ஆனால் 12 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 24,900 ரூபாய் வரும். மிச்சமாகும் பணம் தவணையில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே பெட்ரோல் செலவைக் குறைப்பதற்காக மட்டும் நல்ல நிலையில் ஓடும் காரை விற்காதீர்கள். பாதுகாப்பு, ஆட்டோமேட்டிக் வசதி, முழங்கால் வலி என்று வேறு காரணம் இருந்தால் அது தனிக் கணக்கு.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். இங்கே ஒப்பிட வேண்டியது பழைய காரை அல்ல, 17.5 லட்சத்துப் புதிய பெட்ரோல் காரை. அது இதே நெரிசலில் லிட்டருக்கு 13 கொடுத்தால் மாதம் 8,550 ரூபாய் ஆகும். ஹைபிரிட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மாதம் 3,500, ஆண்டுக்கு 42,000. கூடுதலாகக் கொடுத்த 3 லட்சம் திரும்பி வர ஏழு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். வண்டியைப் பத்தாண்டு வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகும். ஐந்தாண்டில் மாற்றிவிடுபவருக்கு ஆகாது. நான்காண்டுக்கு ஒருமுறை கார் மாற்றும் நண்பர்களுக்கு நான் ஹைபிரிட்டைப் பரிந்துரைப்பதே இல்லை.

இந்த 3 லட்சத்தில் வரியின் பங்கையும் சொல்லியாக வேண்டும். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான். நீங்கள் பார்க்கும் ஹைபிரிட்டோ நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் 1,490 சிசி என்ஜினும் கொண்டது என்பதால், 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் 40 விழுக்காட்டுப் பிரிவில்தான் நிற்கிறது. அதற்கு மேல், 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வீதப்படி, 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 18 விழுக்காடு சாலைவரி. உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகளுக்குப் பதிவு வரியை விலக்கினார்கள். எரிபொருளைப் பாதியாகக் குறைக்கும் வண்டிக்கு இங்கும் ஏதாவது சலுகை வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோவை ஹைபிரிட்:

நான் இதே ஸ்ட்ராங் ஹைபிரிட்டை மூன்றாவது ஆண்டாக ஓட்டிவருகிறேன். மேலே ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்திருக்கும். ஏசி மட்டும் குளிர்ச்சி குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதன் கம்ப்ரஸர் பேட்டரி மின்சாரத்தில் சுழல்கிறது. சாதாரண பெட்ரோல் வகையில் என்ஜின் அணைந்தால் சற்று நேரத்தில் வெறும் காற்றுதான் வரும். பச்சை விழுந்ததும் மெதுவாக மிதித்தால் மோட்டாரே வண்டியை நகர்த்தும். டிஸ்பிளேயில் ‘இவி’ என்ற பச்சை எழுத்து எரியும். அழுத்தி மிதித்தாலோ, பேட்டரி இறங்கினாலோதான் என்ஜின் விழித்துக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. அதனால்தான் நின்று நின்று போகும் நகரச் சாலையில் இது ஜொலிக்கிறது. அவிநாசி சாலையின் மாலை நெரிசலில் எனக்கு 23 கிடைக்கிறது. சேலம் நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டு ஓட்டினால் 19தான். திருநெல்வேலிப் பயணத்தில் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்காதீர்கள்.

டிக்கி பற்றி ஷோரூமில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பேட்டரி பின்பக்கம் இருப்பதால் 265 லிட்டர் இடம்தான். சாதாரண வகையில் 373. ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகளை எடுத்துச் சென்று டிக்கியில் வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

உங்கள் பேட்டரி அச்சத்துக்கும் விடை சொல்கிறேன். இதில் இருப்பது 0.76 கிலோவாட் மணி மட்டுமே கொள்ளும் சிறிய லித்தியம் பேட்டரி; மின்சாரக் காரில் இருப்பது இதைப்போல் நாற்பது மடங்குகூட இருக்கும். கட்டுப்பாட்டு அமைப்பு இதை முழுதாக நிரப்புவதும் இல்லை, முழுதாக வடிய விடுவதும் இல்லை. அதனால் தேய்மானம் மெதுவாகவே நடக்கும். உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்குப் பிறகு மாற்ற நேர்ந்தால் என்ன விலை என்பதை ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையருகே உள்ள துளை வழியாகப் போகிறது. அதைத் துணிப்பையாலும் தலையணையாலும் அடைத்துவிடாமல், சர்வீஸ்தோறும் அதன் வடிகட்டியைத் துடைக்கச் சொன்னாலே பேட்டரிக்கு நீங்கள் செய்ய வேண்டியது பெரும்பாலும் முடிந்துவிடும். மற்றபடி கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை; பழுதாகும் உறுப்புகள் குறைவு. சாதாரண 12 வோல்ட் பேட்டரி மட்டும் உண்டு. வாரக்கணக்கில் நிறுத்திவைத்து அது இறங்கிப்போனால் வண்டி கிளம்பாது.

பழைய வண்டிக்காரர்:

பழைய காரைக் கைமாற்றும் பகுதியை யாரும் தொடவில்லை. 2.4 லட்சத்தில் போனஸ் எவ்வளவு, வண்டியின் மதிப்பு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். போனஸைப் பெரிதாகக் காட்டிவிட்டு வண்டியின் மதிப்பைக் குறைப்பது வழக்கமாக நடப்பதுதான். தெரிந்தவர் 50,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார் என்றால், ஆர்.சி. புத்தகத்தை உடனே தம் பெயருக்கு மாற்றிக்கொள்வார் என்ற உறுதி இருக்கும்வரை அவருக்கே கொடுப்பது நல்லது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் படிவம் 29சி வழியாக வண்டியைப் பெற்றுக்கொண்டதைப் பதிய வேண்டும். அந்த ஒப்புகையைக் கேட்டு வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை குறையும் அந்தச் சலுகையைச் சான்றிதழாகப் பெற்றுப் புதிய காரின் காப்பீட்டில் சேர்க்கலாம். ஃபாஸ்டேக்கையும் மறக்காமல் முடித்துவிடுங்கள்.

போரூர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கர் ஐயா, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வரும் ஜூன் மாதத்திலிருந்து அலுவலகம் சிறுசேரிக்கு மாறுகிறது. மாத ஓட்டம் 1,800 கிலோமீட்டரைத் தொடும். என் காரின் பதிவும் 2027இல் 15 ஆண்டுகளை எட்டுகிறது. அப்போதும் அதே முடிவுதானா?

வேளச்சேரி கணக்கர்:

முடிவு மாறுகிறது. 1,800 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் ஏறத்தாழ 14,000 ரூபாய், ஹைபிரிட்டில் 8,260 ரூபாய். மாத வித்தியாசம் 5,700 ரூபாய்க்கு மேல். கூடுதல் 3 லட்சம் நாலரை ஆண்டுக்குள் திரும்பிவிடும், அதாவது பேட்டரி உத்தரவாதம் பாதியைச் சற்றே தாண்டும்போது. பதிவு முடிந்தபின் தகுதிச் சோதனைக்குப் போய் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டிய காரைத் தினம் சிறுசேரிக்கு ஓட்டுவதைவிட, இப்போது விலை கிடைக்கும்போதே கொடுத்துவிடலாம். ஹைபிரிட்டையே எடுங்கள். ஆனால் முன்பணம் கட்டுமுன், காலை பத்து மணிக்கு ஷோரூமைச் சுற்றிவரும் டெஸ்ட் டிரைவோடு நிற்காமல், மாலை ஆறரைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏசியோடு அரைமணி நேரம் ஓட்டக் கேளுங்கள். புறப்படும்போது டிரிப் மீட்டரைச் சுழியமாக்கிவிட்டு, திரும்பியதும் காட்டும் மைலேஜை இங்கே எழுதுங்கள். அந்த எண்ணை வைத்து மறுபடியும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.