அம்மாவைக் கேட்காமல் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: அம்மா கோயில் வாசலில் பூ விற்கிறார். பிராங்க் என்று இரண்டு பையன்கள் கூடையைத் தட்டிவிட்டு, அவர் பதறிப்போய் பூவைப் பொறுக்குவதை யூடியூபில் போட்டிருக்கிறார்கள். கேட்டால் பொது இடம்தானே என்கிறார்கள்.

செந்தில்: பொது இடத்தில் படமெடுப்பதையே குற்றமாக்கும் பொதுச் சட்டம் இங்கே இல்லை, உண்மைதான். ஆனால் 2017 புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள், வீதிக்கு வந்ததாலேயே அது போய்விடாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

கயல்: முதலில் லிங்க், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழித்துவிட்டால் ஆதாரம் போச்சு. அப்புறம் யூடியூபில் தனியுரிமைப் புகார், அம்மா முகம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்து அவர் பெயரிலேயே கொடுங்கள்.

ரஃபி: கூடையைத் தட்டிவிட்டது தனிக் குற்றம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள்.