சஸ்டெய்னபிள் உட் சோர்சிங்: ‘நிலையான மரக் கொள்முதல்’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். காகித ஆலை ஒன்று மரம் வளர்க்கும் விவசாயிகளுக்குக் கொடுக்கும் கையேட்டைத் தமிழில் புதுப்பிக்கும் வேலை வந்திருக்கிறது. ‘சஸ்டெய்னபிள் உட் சோர்சிங்’, அதாவது காட்டையும் மண்ணையும் கெடுக்காத வழியில் ஆலைக்கு மரம் சேர்ப்பது, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆலையின் பழைய தமிழ்ப் பிரதியில் ‘நிலையான மரக் கொள்முதல்’ என்று இருக்கிறது. அதைச் சவுக்கு போட்டிருக்கும் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். “அப்போ வருசம் பூரா நிறுத்தாம வாங்குவீங்க, விலையும் இறங்காது, அப்படித்தானே?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிலையான வருமானம், நிலையான விலை என்றுதானே பேசுகிறோம்.

கூடவே ‘செயின் ஆஃப் கஸ்டடி’ (மரம் தோப்பிலிருந்து ஆலை வரை யார் யார் கையில் வந்தது என்ற பதிவு), ‘பல்ப்வுட்’ (காகிதக் கூழுக்கான மரம்) இரண்டுக்கும் சொல் வேண்டும்.

– கோவையிலிருந்து

* * *

வணக்கம் அண்ணா.

> நிலையான மரக் கொள்முதல்

இங்கே இலங்கையில் அரச ஆவணங்களில் ‘நிலைபேறான’, ‘பேண்தகு’ இரண்டையும் பாவிக்கிறோம். அரச கொள்வனவுக்குப் ‘பெறுகை’ என்று சொல்வதும் வழக்கம். ‘நிலைபேறான மரப் பெறுகை’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. மரம் என்று சொல்லிலேயே கட்டிப்போட வேண்டுமா? எங்கட வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலில் ஓடினது.

– மட்டக்களப்பிலிருந்து

* * *

நண்பர்களே,

வைக்கோல் நல்ல நினைவூட்டல். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் தமிழ்நாடு அரசின் காகித ஆலையான டிஎன்பிஎல் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியதே கரும்புச் சக்கையை நம்பித்தான். சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்துவந்தன. அதற்கு மாற்று எரிபொருளோ நீராவியோ கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் கோவை நண்பரின் கையேடு மரம் பற்றியது. சக்கைக்கும் வைக்கோலுக்கும் பொதுச்சொல் வேண்டுமென்றால் ‘மூலநார்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

இனி அடைமொழி. நிலையான, நீடித்த, நிலைபேறான, பேண்தகு, வளங்குன்றா என்று ஐந்தும் புழக்கத்தில் இருக்கின்றன. எது காதுக்கு இனிமை என்று வாக்கெடுத்தால் இந்த இழை தை வரைக்கும் ஓடும். களத்தில் நடப்பதை வைத்துச் சோதிக்கலாம் என்கிறேன்.

இந்தக் கருத்தே மரத்தில் பிறந்ததுதான். 1713இல் ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வெள்ளிச் சுரங்கங்களும் தாது உருக்கும் உலைகளும் காட்டைத் தின்று தீர்ப்பதைப் பார்த்து, வெட்டுகிற அளவுக்கு மரம் திரும்ப வளர வேண்டும் என்று எழுதினார். அந்த ஜெர்மன் வனவியல் முறையை இங்கே கொண்டுவந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ்தான் 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர். ஆக மூலக் கருத்து ‘சஸ்டெய்ன்ட் யீல்ட்’, அதாவது ஆண்டுதோறும் குறையாமல் கிடைக்கும் விளைச்சல். இதற்கு நாம் புதுச்சொல் தேடவே வேண்டாம். ‘தள்ளா விளையுளும் தக்காரும்’ என்று குறளிலேயே இருக்கிறது. சஸ்டெய்ன்ட் யீல்டுக்குத் ‘தள்ளா விளைவு’ என்று வைப்போம்.

கையேட்டில் இருக்கும் ‘சஸ்டெய்னபிள்’ இதுவேதானா என்றால், இல்லை. புதுக்கோட்டைத் தைல மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டின அடிக்கட்டையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கொழுந்து கிளம்பும். அதில் திடமானதாக இரண்டை விட்டு மீதியைத் தட்டிவிட்டால் சில ஆண்டில் மறுபடி வெட்டு. கரும்புக்குச் சொல்வது போலவே இதையும் மறுதாம்பு என்கிறோம். புது நாற்று வேண்டாம், உழவு வேண்டாம். விளைச்சலை மட்டும் பார்த்தால் தள்ளா விளைவுதான். ஆனால் தைல மரக் காட்டுக்குள் மழைநீரைப் பிடிக்க வெட்டின வரப்பும் பள்ளமும் ஓடுநீரை மறித்துவிடுவதால் கண்மாய்க்குத் தண்ணீர் வருவதில்லை என்று அங்குள்ள விவசாயிகள் நெடுங்காலமாக முறையிடுகிறார்கள். ஆலைக்கு வரத்து நிலையாக இருக்கிறது, நீடிக்கிறது. ஊருக்கு நீர்வளம் குன்றுகிறது. ‘நிலையான’, ‘நீடித்த’ இரண்டும் இந்த இடத்தில் உண்மையை மறைக்கும் சொற்கள். ‘வளங்குன்றா’ என்றால் “எந்த வளம்?” என்ற கேள்வி உடனே வரும். வரட்டும், அந்தக் கேள்விக்காகத்தானே சான்றிதழும் தணிக்கையும்.

இதற்கு நேர் எதிரான இன்னொன்று. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பரவிக் கிடக்கும் மஞ்சள்கொன்றை அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அந்நிய மரம். அதன் அடியில் புல் முளைக்காது, மானுக்கும் யானைக்கும் தீனி போய்விடும். அதை அகற்றிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலை சில ஆண்டுகளாக நடக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள்ளிருந்து மரம் லாரியில் ஆலைக்குப் போகிறது என்று சொன்னால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் காட்டுக்கு அது நல்லது. அந்த வரத்து நீடிக்கக் கூடாது, ஒருநாள் வற்றிப்போக வேண்டும் என்பதுதான் நோக்கமே. இதை ‘நீடித்த கொள்முதல்’ என்று எப்படி எழுதுவீர்கள்? ‘பேண்தகு’ இன்னும் மோசம், பேணத் தகுந்தது என்று பொருள் வந்துவிடும். வளங்குன்றா என்றால் குன்றாதது காட்டின் வளம். சரியாக உட்காருகிறது.

அடுத்து ‘சோர்சிங்’. கொள்முதல் போதாது. 1988 தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும், காட்டு மரத்தைச் சலுகை விலையில் தரக்கூடாது என்றது. அதன் பிறகு வரத்து பல வழிகளில் வருகிறது. எங்கள் கடலூர்ப் பக்கம் விவசாயி சொந்தமாகச் சவுக்கு போட்டு வெட்டி விற்கிறார், அது கொள்முதல். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆலையே வளர்ப்பதும் உண்டு. அங்கே வாங்குவது எது, விற்பது யார்? வனத்தோட்டக் கழகத்திலிருந்து வருவது வேறு, மேலே சொன்ன மஞ்சள்கொன்றை வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவாகத் ‘திரட்டல்’ என்கிறேன். நிதி திரட்டல், தரவு திரட்டல் என்று வாயில் பழகின சொல். நன்கொடையோ கடனோ பங்கோ, எந்த வழியில் வந்தாலும் நிதி திரட்டல்தான் இல்லையா?

என் பரிந்துரை: வளங்குன்றா மரத்திரட்டல். ‘தேட்டம்’ என்று ஒரு பழைய சொல் மனதில் இருந்தது. ‘மரத்தேட்டம்’ அழகுதான், ஆனால் ஈழத்து நண்பர்களுக்கு அது ஆயுள் பூரா உழைத்துச் சேர்த்த சொத்து. விட்டுவிட்டேன்.

பல்ப்வுட்டுக்குக் கூழ்மரம். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

– கடலூரிலிருந்து

* * *

ஐயா,

மர ஆலை எடைமேடையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

> வளங்குன்றா மரத்திரட்டல்

கொள்கை அறிக்கைக்குச் சரி. விவசாயி கையில் கொடுக்கும் தாளில் ‘திரட்டல்’ என்று போட்டால், ஊர் ஊராய்ப் போய் வெட்டி அள்ளுகிற மாதிரி ஒரு தொனி வருகிறது. அங்கே ‘மரவரத்து’ என்று போடுங்கள். லோடு இறங்கினால் “இன்னைக்கு வரத்து எவ்வளவு?” என்றுதான் கேட்போம்.

செயின் ஆஃப் கஸ்டடிக்கு யாரோ ‘கைமாற்றுத் தொடர்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார்கள். கைமாற்று என்றால் எங்கள் ஊரில் வட்டியில்லாமல் வாங்குகிற கடன்! தொடர் கைமாற்று என்றால் ஆளைப் பார்த்தாலே ஓடிவிடுவார்கள். ‘காவல் சங்கிலி’யும் வேண்டாம், வனக்காவலர் ஞாபகம் வருகிறது. நடப்பது இதுதான்: இன்னார் நிலத்தில், இந்த சர்வே எண்ணில் வெட்டின கட்டை என்று முதலில் ஒரு பதிவு. அதை வியாபாரி, லாரிக்காரர், எடைமேடை, கிடங்கு என்று ஒவ்வொருவரும் தங்கள் பொறுப்பில் ஏற்று அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். நடுவில் சான்றில்லாத கட்டை கலந்தால், எந்தப் பொறுப்பில் கலந்தது என்று தெரிய வேண்டும். பாதி லோடு ஒருவர் தோப்பு, மீதி பக்கத்துத் தோப்பு, சீட்டு மட்டும் ஒரே பெயரில் என்று வருவது சாதாரணம். அதனால் ‘பொறுப்புத் தொடர்’ என்பது என் யோசனை.

– ஈரோட்டிலிருந்து

* * *

அனைவருக்கும் நன்றி.

பொறுப்புத் தொடரை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். திரட்டல், வரத்து விஷயத்தில் ஈரோட்டு நண்பர் சொல்வது கையேட்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் வரத்து ஆலைப் பக்கம் நின்று பார்க்கும் சொல். செய்பவரின் கடமை அதில் தெரியவில்லை. தலைப்பிலும் கொள்கைப் பகுதியிலும் ‘வளங்குன்றா மரத்திரட்டல்’, எடை, சீட்டு, பட்டுவாடா வரும் பக்கங்களில் ‘மரவரத்து’ என்று பிரித்துவிட்டேன். மட்டக்களப்புத் தம்பி மன்னிக்கணும், ‘பெறுகை’யில் டெண்டர் வாசம் அடிக்கிறது.

இப்போது வாக்கியம் இப்படி வருகிறது: “உங்கள் தோப்பில் வெட்டும் கூழ்மரம் வளங்குன்றா மரத்திரட்டலின் கீழ் வர, நிலத்தின் சர்வே எண்ணிலிருந்து ஆலையின் எடைமேடை வரை பொறுப்புத் தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும்.” அதே சவுக்கு விவசாயியிடம் படித்தேன். வளங்குன்றா என்றதும் நிறுத்தி, “மண்ணு கெடாம, அதானே?” என்றார். விலை பற்றி இந்த முறையும் கேட்டார், அது வேறு விஷயம்.

பொறுப்பான வன மேலாண்மைக்குச் சான்று தரும் பன்னாட்டு அமைப்பான எஃப்எஸ்சியின் ‘கன்ட்ரோல்ட் உட்’ பாக்கி இருக்கிறது. முழுச் சான்று பெறாதது, ஆனால் திருட்டு வெட்டு, மக்கள் உரிமை மீறல், காட்டை அழித்துத் தோட்டமாக்கியது போன்ற ஐந்து வகைகளில் சேராதது என்று பார்த்து எடுத்த மரம். நோட்டுப் புத்தக அட்டையில் ‘மிக்ஸ்’ என்று முத்திரை இருந்தால் உள்ளே இதுவும் கலந்திருக்கலாம். ‘கட்டுப்படுத்தப்பட்ட மரம்’ என்று எழுதினால் வனத்துறை தடை போட்ட மரம் என்று நினைப்பார்கள். ‘விலக்கறிந்த மரம்’ என்று ஒன்று தோன்றுகிறது, அவ்வளவு திருப்தியில்லை. தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.