அவசரம்: பின்பக்கச் செயற்கைப் புல் வேலை பாதியில் நிற்கிறது, சுவரோரம் தண்ணீர்

மதுரை மீனா:
வணக்கம். நாங்கள் ஆஸ்திரேலியா வந்து ஆறு மாதம் ஆகிறது. மகன் கிளப்பில் கிரிக்கெட் சேர்ந்திருக்கிறான். அவன் பயிற்சிக்காகப் பின்பக்கத்தில் செயற்கைப் புல் பிட்ச் போட்டு வலை கட்ட ஒருவரிடம் வேலை கொடுத்தோம். மண்ணைச் சுரண்டி ஜல்லித்தூள் கொட்டியதோடு சரி, ஆளைக் காணோம். போனையும் எடுப்பதில்லை. நேற்று பெய்த மழைத் தண்ணீர் முழுக்க வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறது. புல் ரோல் கராஜில் கிடக்கிறது. சனிக்கிழமை மறுபடி பெரிய மழையாம். கணவர் ஊருக்குப் போயிருக்கிறார். நானும் தோழியும் சேர்ந்து புல்லை மேலே விரித்துவிட்டால் சரியாகிவிடுமா? ராத்திரி தூக்கமே இல்லை.

கொங்கு மணி:
வந்த ஆறு மாதத்தில் இதெல்லாம் எதற்கு, தங்கச்சி? நாங்கள் வந்த புதிதில் சோபாகூட வாங்கவில்லை. முதல் குளிர்காலம் முழுக்க ஒரே ஹீட்டரை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு திரிந்தோம். வேலை நிரந்தரமாகும்வரை பணம் கையில் இருக்க வேண்டும். பையனைப் பக்கத்துப் பூங்காவில் இருக்கும் வலைக்குக் கூட்டிப் போங்கள். வாடகை வீடென்றால் ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? இல்லையென்றால் வீட்டுக்குக் கட்டிய பாண்ட் (அட்வான்ஸ்) பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பரமேஸ் மாமா:
பிள்ளை, அந்தப் பிளாஸ்டிக் புல்லே வேண்டாம். 2020 ஜனவரி 4ஆம் தேதி இங்கே சிட்னிக்கு மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தது. சாதாரண கோடை வெயிலிலேயே செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும், வெறுங்காலோடு நிற்க ஏலாது. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் ஆறும், பிறகு பழையபடிதான். உண்மைப் புல்லையே வளருங்கோ.

சென்னை ஓப்பனர்:
மாமா, பிள்ளைகள் சாயங்காலம்தானே விளையாடுவார்கள்? உண்மைப் புல்லில் தினமும் பேட்டிங் செய்தால் நிற்கிற இடம் சீக்கிரமே மொட்டையாகிவிடும். செயற்கைப் புல்தான் சரி, ஆனால் ஜல்லித்தூள் மேல் விரித்தால் கிரிக்கெட்டுக்கு உதவாது. ஒரு பந்து எகிறும், அடுத்தது தரையோடு போகும். 100 மி.மீ. கான்கிரீட் போட்டு, 10 மி.மீ. போலக் குட்டை இழையுள்ள புல்லை ஒட்ட வேண்டும். முழு பிட்ச் 20.12 மீட்டர், புது எஸ்டேட் வீடுகளில் அடங்காது. பாதி நீளம் போதும், த்ரோ போட்டுப் பழகலாம்.

ராதா அக்கா:
கான்கிரீட்டா? அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள் தம்பி. நிறைய வீடுகளில் பின்வேலியை ஒட்டித்தான் பாதாளச் சாக்கடைக் குழாய் போகும். சிட்னி என்றால் அதன்மேல் கான்கிரீட் போடும் முன் குடிநீர், கழிவுநீர் பார்க்கும் சிட்னி வாட்டரிடம் கேட்க வேண்டும். வலைக் கம்பம் வேலியைவிட உயரமாக நின்றால் கவுன்சிலிலும் கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பந்துச் சத்தத்துக்கே கடிதம் எழுதிப் போட்டார்.

கொங்கு மணி:
இங்கே வேலைக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடு. விலை சொல்ல வருகிறேன் என்பார்கள், வர மாட்டார்கள். ஊரில் கொத்தனாருக்கு ஒரு போன் போட்டால் மறுநாள் காலை மட்டப்பலகையோடு வந்து நிற்பார்.

பரமேஸ் மாமா:
அது உண்மை. சனி ஞாயிறு முழுக்க வீட்டு வேலையிலேயே போய்விடுகிறது.

சைட் சரவணன்:
அந்தப் பிள்ளை கேட்டது சனிக்கிழமை மழையைப் பற்றி. மீனா, மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்த ஊர்? சொந்த வீடா? எவ்வளவு பணம் கொடுத்தீர்கள், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? அதுவரை புல்லை விரிக்காதீர்கள்.

மதுரை மீனா:
மன்னிக்கவும் அண்ணா, பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். சிட்னி, ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம். சொந்த வீடு. வலைக் கம்பம், கான்கிரீட் எல்லாம் சேர்த்து 8,000 டாலர் பேசினோம், வேலை தொடங்கும் முன்பே பாதி கொடுத்துவிட்டோம். வாட்ஸப்பில் பேசியது மட்டும்தான்.

சைட் சரவணன்:
சரி. முதலில் சுவரின் அடிவரிசைச் செங்கலைப் பாருங்கள். நான்கைந்து கல்லுக்கு ஒரு செங்குத்து இடுக்கு, சிமெண்ட் வைக்காமல் விட்டிருப்பார்கள். சுவருக்குள் இறங்கும் ஈரம் வெளியேறும் வழி அது. ஜல்லித்தூள் அதை மூடியிருந்தால் இன்றைக்கே வாரி எடுங்கள். அதற்குக் கீழே கான்கிரீட் தளத்தின் விளிம்பு 75 மி.மீ. கண்ணில் பட வேண்டும், இல்லாவிட்டால் கறையான் ஏறுவது தெரியாது.

அப்புறம் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, மண்வெட்டி அகலத்துக்கு ஆழமில்லாத வாய்க்கால் கீறி, முற்றத்தில் மழைநீர்க் குழிக்கு இழுத்துவிடுங்கள். துணி துவைக்கும் அறைக்கு வெளியே கம்பி மூடி போட்ட கழிவுநீர் வாய் இருக்கும், மழைத் தண்ணீரை அதில் விடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பக்கமும் தள்ளக் கூடாது. சுவரோரம் தார்ப்பாயை வெளிவாட்டமாக விரித்து, பறக்காமல் செங்கல் வையுங்கள்.

தண்ணீர் சுவருக்கு வருகிறதென்றால் வாட்டம் தலைகீழாக இருக்கிறது. சுவரை ஒட்டிய முதல் ஒரு மீட்டரில் தரை ஐந்து செ.மீ. வீட்டை விட்டு விலகி இறங்க வேண்டும். புல்லில் ஓட்டை இருந்தாலும் அடியில் வாட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் கீழே தங்கித்தான் நிற்கும். நூல் கட்டி அளந்து போட்டோ எடுத்து வையுங்கள்.

பணத்துக்கு: இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டுக் கட்டட வேலை 5,000 டாலரைத் தாண்டினால் லைசென்ஸும் எழுத்து ஒப்பந்தமும் வேண்டும், முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கான்கிரீட்டும் கம்பமும் சேர்ந்தது என்று சொல்லி மாநில அரசின் பில்டிங் கமிஷனில் புகார் கொடுங்கள். வாட்ஸப் உரையாடல், வங்கி ரசீது, இரண்டும் போதும் தொடங்க. ராதா அக்கா சொன்ன குழாய்க்கு, கம்பக்குழி தோண்டும் முன் பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியா என்ற சேவையில் நிலத்தடிக் குழாய் வரைபடம் கேளுங்கள், இலவசம். வீட்டு எல்லைக்குள் போகும் சொந்தக் குழாய் அதில் வராது, வீடு வாங்கியபோது கொடுத்த கழிவுநீர் வரைபடத்தில் இருக்கும்.

மதுரை மீனா:
அந்த இடுக்கு பாதி மூடித்தான் இருக்கிறது அண்ணா. தோழி மண்வெட்டியோடு வருகிறாள், இப்போதே வாருகிறோம். மழைநீர்க் குழி வேலி மூலையில் இருக்கிறது, எட்டு மீட்டர் தூரம். அதுவரை வாய்க்கால் போதுமா?

சைட் சரவணன்:
போதும். குழி மூடியைத் திறந்து உள்ளே மண் அடைத்திருக்கிறதா பாருங்கள், அதுதான் முதல் வேலை.