பழைய பென்னியில் "டி: ஜி:", "எஃப்: டி:" – என்ன அர்த்தம்?

கேள்விக்குறி:
1945ஆம் வருட பிரிட்டிஷ் பென்னி ஒன்று கிடைத்தது. ஆறாம் ஜார்ஜின் தலையைச் சுற்றி, பெயருக்கு அப்புறம் "டி: ஜி: பிஆர்: ஓம்ன்: ரெக்ஸ் எஃப்: டி: இண்ட்: இம்ப்" என்று ஓடுகிறது. ரெக்ஸ் என்றால் ராஜா, அது தெரியும். மற்றதெல்லாம் என்ன?

செப்புக்காசு:
எல்லாம் லத்தீன் சுருக்கம். "பிஆர்: ஓம்ன்: ரெக்ஸ்" என்றால் பிரிட்டன்கள் அனைத்துக்கும் அரசர்; கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளும் இதில் அடக்கம். "இண்ட்: இம்ப்" இந்தியப் பேரரசர்.

"டி: ஜி:" என்பது தேயி கிராத்தியா, கடவுளின் அருளால். கேட்கப் பணிவாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது, "எனக்கு மேலே கடவுள் மட்டும்தான், வேறு யாரும் கேள்வி கேட்க முடியாது" என்கிற மிடுக்கு. பழைய ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் காலத்திலேயே உண்டு.

எனக்குப் பிடித்தது "எஃப்: டி:" தான். ஃபிதேயி டெஃபென்சார், விசுவாசத்தின் காவலர். போப்பின் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூத்தரை மறுத்து இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி ஒரு புத்தகம் எழுதினார். மனம் குளிர்ந்த போப் பத்தாம் லியோ 1521இல் இந்தப் பட்டத்தைக் கொடுத்தார். கொஞ்ச வருடத்தில் ஹென்றி ரோமையே உதறிவிட்டார்! பட்டத்தை மட்டும் விட மனசில்லை. நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார். போப்பை ஏற்காத இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர்களான அரசர்கள் போப் தந்த பட்டத்தை இன்றைக்கும் காசில் போட்டுக்கொள்கிறார்கள். இப்போதைய ராஜா சார்லஸ் காசிலும் இருக்கிறது, பாருங்கள்.

வழிப்போக்கன்:
1849இல் விக்டோரியாவின் ஃப்ளோரின் (இரண்டு ஷில்லிங்) காசில் "டி: ஜி:", "எஃப்: டி:" இரண்டையும் விட்டுவிட்டார்கள். ஜனங்கள் கொதித்துப்போய் "கடவுளில்லாத ஃப்ளோரின்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடுத்து வந்த ஃப்ளோரினில் இரண்டும் திரும்பி வந்தன.

கேள்விக்குறி:
அட! ஆனால் அதே ராஜாவின் இந்திய ரூபாயில் லத்தீனே இல்லையே?

செப்புக்காசு:
ஆமாம், அதில் ஆங்கிலத்தில் "கிங் எம்பரர்" மட்டும்தான். கடவுளும் கிடையாது, காவலரும் கிடையாது.

1948 ஜூன் 22இல் இந்தியப் பேரரசர் பட்டத்தை ஆறாம் ஜார்ஜ் கைவிட்டார். 1949 பென்னி கிடைத்தால் உங்களுடையதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். "இண்ட்: இம்ப்" போய்விட்டது. காலியான இடத்தை நிரப்ப, "எஃப்: டி:" என்றிருந்ததை "ஃபிதேயி டெஃப்" என்று நீட்டிவிட்டார்கள்.