தக்காளி வரிசைக்கு நடுவில் உருளைக்கிழங்கு ஊன்றலாமா?

காட்பாடி தோட்டம்:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 20-க்கு 15 அடி இடம் இருக்கிறது. செம்மண், வெயில் நன்றாக விழும். ஆயுத பூஜை முடிந்ததும் பி.கே.எம் 1 தக்காளி நாற்று நட்டேன், இப்போது முழங்கால் உயரம் வந்துவிட்டது. வரிசைக்கு நடுவில் இரண்டடி சும்மா கிடக்கிறது. சமையலறைக் கூடையில் உருளைக்கிழங்கு முளை விட்டிருக்கிறது. "இடத்தை ஏன் வீணாக்குற, ஊன்றி விடு. அது மண்ணுக்கு மேல காய்க்கும், இது மண்ணுக்குள்ள, ஒன்றுக்கொன்று என்ன தொந்தரவு" என்கிறார் அத்தை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது என்று எங்கோ படித்த ஞாபகம். நம் வேலூர் வெயிலுக்கு உருளை வருமா என்பதும் சந்தேகம். போன வருடம் அதே இடத்தில் கத்தரி இருந்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி மாடி:

உருளை வரும். மாடியில் பையில்தான் போடுகிறேன். தீபாவளியை ஒட்டி ஊன்றினால் கிழங்கு வைக்கும். பொங்கலுக்கு அப்புறம் ஊன்றினால் செடி மட்டும் தளதளவென்று இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. தக்காளி எப்போதும் வேறு பைதான். தரை விஷயத்துக்கு அணைக்கட்டு அக்கா வரட்டும்.

அணைக்கட்டு கழனி:

ஒரே பாத்தியில் வேண்டாம்மா. அத்தை சொல்கிற கணக்கு வெங்காயத்துக்கும் கீரைக்கும் சரி, இந்த இரண்டுக்கும் ஒத்துவராது.

நோயைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் முதலில் மண்வெட்டி வேலையைச் சொல்கிறேன். உருளை ஊன்றி ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் இரண்டு பக்கமும் மண்ணை இழுத்து அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் கிழங்கு வெளியே தெரிந்து, வெளிச்சம் பட்டுப் பச்சையாகிவிடும். பச்சைக் கிழங்கு கசக்கும், உடம்புக்கும் ஆகாது. அந்த மண்ணை எங்கிருந்து இழுப்பீர்கள்? தக்காளி வேர் ஓடுகிற இடத்திலிருந்துதான். அந்த நேரத்தில் தக்காளி பூவும் பிஞ்சுமாக நிற்கும். வேர் அறுந்தால் பூ கொட்டும். கிழங்கு தோண்டும்போது திரும்பவும் அதே கதை. தண்ணீரும் இடிக்கும். கிழங்கு எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது பாய்ச்சலை நிறுத்தினால்தான் தோல் கெட்டிப்படும். தக்காளியை அத்தனை நாள் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் பழம் வெடித்துப் போகும்.

இனி நோய். தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் நான்கும் ஒரே குடும்பம். பங்காளிகள் மாதிரி, ஒரு வீட்டு வம்பு அடுத்த வீட்டு வாசலுக்கும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியின் அடி இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புப் புள்ளி இருக்கும், அதற்குள்ளே வட்டத்துக்குள் வட்டமாக வரி ஓடும், சுற்றிலும் மஞ்சள் படரும். அது முன் பருவ இலைக்கருகல். உருளையிலும் அதே நோய், அதே புள்ளி. பின் பருவக் கருகல் என்று இன்னொன்று உண்டு, ஊட்டி, கொடைக்கானல் போலக் குளிரும் ஈரமும் உள்ள இடங்களில்தான் அதன் ஆட்டம் அதிகம். 1845-ல் அயர்லாந்தில் உருளையை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது அதுதான். அது தக்காளியையும் விடாது. வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் இரண்டும் தீனி.

உருளை கிழங்கு பிடிக்க இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். நமக்கு அது மார்கழி, தை மட்டும்தான். அதனால் ஊன்றுவதென்றால் இப்போதே ஊன்ற வேண்டும், ஆனால் வேறு இடத்தில்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா? உருளைச் செடி சில சமயம் பூத்துக் காய் வைக்கும், அசல் பச்சைத் தக்காளிப் பிஞ்சு போலவே இருக்கும். அது விஷம். தக்காளி வரிசைக்குள்ளேயே அது தொங்கினால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். போன வருடக் கத்தரியில் செடி பச்சையாக இருக்கும்போதே துவண்டு செத்ததா?

குடியாத்தம் நர்சரி:

ஒரு சந்தேகம் அக்கா. வாரணாசியில் இருக்கிற காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் உருளை மேல் தக்காளியை ஒட்டுக் கட்டி, மேலே பழம், கீழே கிழங்கு என்று எடுத்திருக்கிறார்களே. அப்போது இரண்டும் ஒத்துப்போகிறது என்றுதானே அர்த்தம்?

அணைக்கட்டு கழனி:

ஒட்டுப் பிடிப்பதே ஒரே குடும்பம் என்பதால்தான் தம்பி. நோய் தாவுவதும் அதனால்தான். அது ஒரே செடி, ஒரே வேர். இங்கே கேள்வி இரண்டு செடி ஒரே மண்ணுக்குப் போட்டி போடுவதைப் பற்றி.

காட்பாடி தோட்டம்:

பையனுக்கு மூன்று வயது, நல்லவேளை சொன்னீர்கள். கத்தரியில் சில செடி நீங்கள் சொன்ன மாதிரியேதான் போனது. மத்தியானம் துவளும், சாயங்காலம் நிமிரும், அப்புறம் ஒரு நாள் நிமிரவே இல்லை. இலை ஒன்றுகூடப் பழுக்கவில்லை. இப்போது மூலையில் ஒரு தக்காளியும் மத்தியானத்தில் தலை தொங்கி நிற்கிறது.

அணைக்கட்டு கழனி:

அந்தச் செடியைப் பிடுங்கித் தண்டை அடியில் ஒரு விரல் நீளம் நறுக்குங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டு வாய் மட்டும் நனைகிற மாதிரி தண்டைப் பிடியுங்கள். ஆட்டக் கூடாது. பாக்டீரியா வாடலாக, அதாவது மண்ணிலேயே தங்கி இந்தக் குடும்பத்துச் செடிகளைத் துவள வைக்கிற நோயாக இருந்தால், சில நிமிடத்திலேயே வெட்டு வாயிலிருந்து வெள்ளையாக, நூல் நூலாகக் கீழே இறங்கும். தண்ணீர் கலங்கும். ஒன்றும் இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

எங்கள் பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்குப் பேர் போன இடம், 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கத்தரியை நம்பி இருக்கிறவர்களுக்கு வாடல் என்றாலே வயிற்றைக் கலக்கும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

காட்பாடி தோட்டம்:

இறங்கியது அக்கா. டம்ளரை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தோம், வெள்ளை நூல் தெளிவாகத் தெரிந்தது. அத்தையும் பார்த்துவிட்டார், இப்போது அவரே வேண்டாம் என்கிறார். மற்ற தக்காளி பிழைக்குமா? கூடையில் இருக்கிற கிழங்கை என்ன செய்வது?

அணைக்கட்டு கழனி:

வந்த செடிக்கு மருந்து கிடையாது. வேரோடும் மண்ணோடும் எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்த மூலையிலிருந்து தண்ணீர் மற்ற வரிசைக்கு ஓடக் கூடாது, சின்னதாக வரப்பு கட்டுங்கள். அங்கே கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் வேறு பக்கம் கொண்டுபோக வேண்டாம். மற்ற செடிகள் தப்பிக்கலாம், அதை நன்றாகப் பாருங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு செடியைக் காட்டிக் கேட்பதும் நல்லது.

வரிசை நடுவில் வெங்காயம், வெந்தயக்கீரை, கொத்தமல்லி போடுங்கள், மேலாகக் கீறினால் போதும். தக்காளி முடிந்ததும் அந்த இடத்தில் மூன்று வருடமாவது தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் நான்கு பேரும் வேண்டாம். மக்காச்சோளம், கேழ்வரகு, தட்டைப்பயறு என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

சமையல் கிழங்கு எந்த ஊர் நோயோடு வந்தது என்று பார்த்தால் தெரியாது, அதனால் தரையில் ஊன்றாதீர்கள். பையில் போடலாம், கெட்டாலும் அந்தப் பையோடு போகும். மண் மட்டும் தோட்டத்து மண்ணாக இருக்கக் கூடாது. துண்டுக்கு இரண்டு முளை இருக்கிற மாதிரி வெட்டி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, வெட்டு வாயில் அடுப்புச் சாம்பல் தடவி ஊன்றுங்கள். முதலில் பையில் கால் பாகம் மண் போதும், செடி உயர உயர மேலே நிரப்பிக்கொண்டே வாருங்கள், அணைக்கிற வேலை அதிலேயே முடிந்துவிடும். மேலே வைக்கோல் போர்த்தி வையுங்கள், பகல் சூடு கிழங்குவரை இறங்காது.